53-க்கு மேல் தெரியாது

என் மழை நோட்டில் 18-12-2023 என்ற தேதிக்கு நேரே "53+" என்று எழுதியிருக்கிறது. கணக்கு செ.மீ.யில். அதற்கு மேல் எவ்வளவு பெய்தது என்று எனக்குத் தெரியாது. அதற்குத்தான் அந்தக் கூட்டல் குறி. ஏழு வருடமாகத் தூறலைக்கூட விடாமல் எழுதி வந்தவன், வாழ்நாளில் பார்த்த பெரிய மழையைக் கோட்டை விட்டுவிட்டேன்.

ஸ்ரீவைகுண்டத்துக்கும் ஏரலுக்கும் நடுவில், தாமிரபரணியை ஒட்டிய ஊர் எங்களுடையது. ஒரு சின்ன உரக்கடை, ஒன்றரை ஏக்கர் வாழை. மழை அளக்க ஆரம்பித்ததற்குக் கடைதான் காரணம். "அண்ணாச்சி, நேத்து நல்லா பெஞ்சிருக்கே, இன்னைக்கே யூரியா போட்டுரலாமா?" என்று கேட்பார்கள். நல்லா என்றால் எவ்வளவு? ஒருவருக்கு வாறுகாலில் தண்ணீர் ஓடினால் நல்ல மழை, இன்னொருவருக்குச் சட்டை நனைந்தாலே நல்ல மழை. 2015இல் தமிழ்நாட்டுக்கு வடகிழக்குப் பருவமழை வழக்கத்தைவிட 50 சதவீதத்துக்கும் மேல் கூடுதல். அடுத்த வருடமே 60 சதவீதத்துக்கும் மேல் குறைவு. அந்த 2016 வறட்சியில், மழை இல்லாத காலத்தில் மழை அளவி வாங்கியவன் நான். வீட்டில் சிரித்தார்கள்.

அளப்பது பெரிய வித்தை இல்லை. ஆனாலும் முதல் ஒரு வருடம் தப்பாகவே அளந்தேன். தட்டட்டியில் கைப்பிடிச் சுவரை ஒட்டி வைத்திருந்தேன். சாய்ந்து வரும் மழையைச் சுவர் மறைத்துக்கொண்டது. பக்கத்தில் எது நின்றாலும், அதன் உயரத்தைப்போல் இரண்டு மடங்கு தூரம் தள்ளி அளவி இருக்க வேண்டும் என்று அப்புறம்தான் தெரிந்தது. இப்போது தோட்டத்தில் கம்பு நட்டு வைத்திருக்கிறேன். காசு செலவழிக்க விருப்பம் இல்லை என்றால், அடியிலிருந்து வாய் வரை ஒரே அகலமாக இருக்கும் டப்பாவும் ஓர் அடிக்கோலும் போதும். தினமும் காலை எட்டரைக்குப் பார்க்க வேண்டும். வானிலைத் துறையின் மழை நாள் எட்டரைக்குத்தான் தொடங்கி, மறுநாள் எட்டரைக்கு முடிகிறது. பேப்பரில் 18ஆம் தேதி மழை என்று வருவதில் பெரும்பகுதி 17ஆம் தேதி பெய்ததாக இருக்கும். இது தெரியாமல் பேப்பரோடு நான் போட்ட சண்டைகள் கொஞ்சமில்லை.

இன்னொரு கணக்கையும் மனதில் வைத்துக்கொள்ளலாம். ஒரு செ.மீ. மழை என்றால் ஒரு சென்ட் நிலத்தில் சுமார் 400 லிட்டர் தண்ணீர். செ.மீ. என்று கேட்டால் ஒன்றும் உறைக்காது, லிட்டரில் சொன்னால் உறைக்கும்.

சரி, அந்த நாளுக்கு வருகிறேன். 2023 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை, மார்கழி ஒன்றாம் தேதி. இரண்டு வாரத்துக்கு முன்புதான் மிக்ஜாம் புயல் சென்னையை மூழ்கடித்திருந்தது. டிவியில் அதைப் பார்த்துப் பரிதாபப்பட்டுக்கொண்டிருந்தோம். எங்கள் பக்கம் வந்தது பெயர் வைத்த புயல்கூட இல்லை. குமரிக்கடல் பக்கம் ஒரு வளிமண்டலச் சுழற்சி, அவ்வளவுதான். சனிக்கிழமை இரவே பிடித்த மழை, ஞாயிறு முழுக்க ஒரே சீராக விழுந்தது. இடி இல்லை, பெரிய காற்றும் இல்லை. பயமுறுத்தாத மழை. அதுதான் எங்களை ஏமாற்றியது.

என் அளவி 20 செ.மீ. கொள்ளும். மதியம் ஒரு மணிக்குப் பார்த்தால் 18. கொட்டிவிட்டு மறுபடி வைத்தேன். மாலை ஆறு மணிக்கு 15. மறுபடி கொட்டினேன். இரவு கரண்ட் போய்விட்டது. பத்து மணிக்கு ஒரு தடவை போய்ப் பார்த்திருக்க வேண்டும். இருட்டு, தோட்டத்தில் முழங்கால் தண்ணீர், பாம்பு பயம் வேறு. "காலையில பாத்துக்கலாம், வாங்க" என்றாள் மனைவி. காலையில் அளவி விளிம்பு வரை நின்றது. எப்போது நிறைந்தது, எத்தனை மணி நேரம் வழிந்தது என்று யாருக்குத் தெரியும்? 18, 15, 20 ஆக 53, பக்கத்தில் ஒரு கூட்டல் குறி. ஸ்ரீவைகுண்டத்தில் 62 செ.மீ. என்றும், திருச்செந்தூரில் 69 என்றும், காயல்பட்டினத்தில் 95 என்றும் பின்னால் செய்தி வந்தது. தூத்துக்குடி மாவட்டத்துக்கு ஒரு வருடம் முழுக்கப் பெய்வதே 65 செ.மீ.யை ஒட்டித்தான். காயல்பட்டினத்துக்கு ஒன்றரை வருட மழை ஒரே நாளில் இறங்கியிருக்கிறது.

ஆற்று வெள்ளம் வந்தது திங்கட்கிழமைதான். மாஞ்சோலை மலையில் கொட்டியதும், அணைகளில் திறந்ததும், வழியில் உடைந்த குளங்களின் தண்ணீரும் ஒன்றாகச் சேர்ந்து வந்தன. வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர். அம்மாவை நாற்காலியோடு தூக்கிக்கொண்டுபோய் எதிர்வீட்டு மச்சில் உட்காரவைத்தோம். கடையில் நாற்பது மூட்டை யூரியா கரைந்து கடலுக்குப் போனது. அந்தப் பக்கம் ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் திருச்செந்தூர்–சென்னை ரயில் சுமார் 800 பேரோடு மாட்டிக்கொண்டு நின்றது. அது எங்களுக்குத் தெரியவே இரண்டு நாள் ஆனது. போனில் சார்ஜ் இல்லை, டவரும் இல்லை.

தண்ணீர் வடிந்து, சேறு வழித்து, கடையைத் திறந்த முதல் வாரத்தில் எல்லோரும் கேட்ட கேள்வி ஒன்றுதான். "அண்ணாச்சி, எல்லாம் காலநிலை மாற்றமாமே? நீங்கதான் மழையெல்லாம் அளக்கியளே, சொல்லுங்க."

"ஆமா, பின்னே? மார்கழியில பனி பெய்யணும். இப்படி மழை பெஞ்சு பாத்திருக்கியளா?" என்று பெரிய விவரஸ்தன் மாதிரி சொல்லிக்கொண்டிருந்தேன். பக்கத்துத் தெருப் பெரியப்பா ஒருவர்தான் என்னை நிறுத்தினார். "ஏல, தனுஷ்கோடிய கடல் கொண்டு போச்சே, அது எந்த மாசம்?" 1964 டிசம்பர் 22 இரவு. மார்கழிதான். 2011இல் கடலூரைப் புரட்டிப் போட்ட தானே புயலும் டிசம்பர் 30, அதுவும் மார்கழிதான். "தொண்ணூத்திரண்டுல ஆத்துல வந்த வெள்ளத்துக்கு நீ ஸ்கூல் பையன்" என்றும் சேர்த்துக்கொண்டார். இத்தனை வருடம் நோட்டுப் போட்டவனைவிட, நோட்டே போடாத அவர் நேர்மையாகப் பேசியதில் எனக்குக் கொஞ்சம் வெட்கமாகிவிட்டது.

அதன்பிறகுதான் இதைப் பற்றி ஒழுங்காகப் படிக்க ஆரம்பித்தேன். முதலில் புரிந்தது, என் ஏழு வருட நோட்டு இந்தக் கேள்விக்கு உதவாது என்பது. ஓர் இடத்தின் வழக்கமான மழை எவ்வளவு என்று சொல்லவே வானிலைத் துறை 50 வருடச் சராசரியை எடுக்கிறது. இப்போது நடப்பில் இருப்பது 1971 முதல் 2020 வரைக்குமான சராசரி. அதிலும் ஒரே நாளில் கொட்டும் பேய் மழை மாதிரி அபூர்வமானது கூடியிருக்கிறதா என்று சொல்ல அதுவும் போதாது. நிறைய ஊர்களின் நூறு வருடக் கணக்கைச் சேர்த்து வைத்துப் பார்க்க வேண்டும்.

இரண்டாவது, "இது காலநிலை மாற்றமா?" என்ற கேள்வியே கோணல். என் வாழையை வைத்துச் சொன்னால் எனக்கே விளங்குகிறது. காய்ந்த மண்ணில் ஒரு காற்று அடிக்கிறது, ஆயிரம் வாழையில் பத்து சாய்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதே காற்று, மண் ஊறிக் கிடக்கும்போது அடித்தால் நாற்பது சாயும். இப்போது அந்த நாற்பதில் ஒரு வாழையைக் காட்டி, "இது காற்றால் சாய்ந்ததா, ஈர மண்ணால் சாய்ந்ததா?" என்று கேட்டால் என்ன சொல்வது? எதைக் காட்டியும் சொல்ல முடியாது. ஆனால் ஈரத்தால் முப்பது கூடுதலாகப் போயிற்று என்று தைரியமாகச் சொல்லலாம். விஞ்ஞானிகள் செய்வதும் இதைத்தான். பூமி சூடாகாமல் இருந்திருந்தால் இந்த வெயிலுக்கோ மழைக்கோ எவ்வளவு வாய்ப்பு இருந்திருக்கும், சூடான இந்தப் பூமியில் எவ்வளவு என்று இரண்டு விதமாகக் கணக்குப் போட்டு ஒப்பிடுகிறார்கள்.

அப்படிப் போட்ட கணக்கில் எங்கள் ஆட்கள் பலருக்குப் பிடிக்காத ஒரு விடை உண்டு. 2015 டிசம்பர் 1 சென்னை மழையை ஒரு சர்வதேசக் குழு ஆராய்ந்தது. டெல்லி ஐஐடி பேராசிரியர் கிருஷ்ணா அச்சுதாராவும் அதில் இருந்தார். தாம்பரத்தில் 49 செ.மீ. கொட்டிய மழை அது. புவி வெப்பமாதலின் பங்கு எதையும் அந்த மழையில் கண்டுபிடிக்க முடியவில்லை என்றுதான் அவர்கள் எழுதினார்கள். வங்கக் கடலின் மேற்குப் பகுதி அதற்கு முந்தைய நாற்பது வருடங்களில் சூடாகாமல் இருந்தது அதற்குக் காரணமாக இருக்கலாம் என்றார்கள். இதே மாதிரிக் கணக்குதான் 2022 மார்ச், ஏப்ரலில் இந்தியாவையும் பாகிஸ்தானையும் வாட்டிய வெயிலுக்கும் போடப்பட்டது. விடை, வாய்ப்பு சுமார் 30 மடங்கு கூடியிருக்கிறது. 2024 ஜூலையில் வயநாட்டு நிலச்சரிவுக்குக் காரணமான மழைக்குப் போட்டபோது, மழை 10 சதவீதம் போல் கனத்திருக்கிறது என்று வந்தது. ஒரே மாதிரிக் கணக்கு, மூன்று விதமான விடை. என் நம்பிக்கை கூடியதே இதைப் பார்த்த பிறகுதான். எல்லாவற்றுக்கும் ஆமாம் போடுகிறவனை நான் கடையிலும் நம்பமாட்டேன்.

வெயிலில் தெளிவாகத் தெரிவது மழையில் ஏன் தெரிவதில்லை? எங்கள் ஊர் மே மாத வெப்பம் வருடத்துக்கு வருடம் ஒன்றிரண்டு டிகிரிக்குள்தான் ஏறி இறங்கும். இந்தியாவின் சராசரி வெப்பநிலை 1901 முதல் 2018 வரை 0.7 டிகிரி போல் ஏறியிருக்கிறது. அந்தச் சின்ன ஆட்டத்துக்கு நடுவில் இந்த ஏற்றம் கண்ணில் படும். மழை அப்படி இல்லை. ஒரு வருடம் பாதிக்கும் கீழே, ஒரு வருடம் ஒன்றரை மடங்கு. காற்று ஒரு டிகிரி சூடானால் சுமார் 7 சதவீதம் அதிக ஈரத்தைப் பிடித்துவைக்கும் என்பது இயற்பியல். ஆனால் அந்த 7 சதவீதம், கொட்டுமேளத்துக்கு நடுவில் கேட்கும் கொலுசுச் சத்தம். இருக்கிறது, காதில் விழாது.

தோராயமாக ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். 95 செ.மீ.யில் 7 சதவீதம் போனால் ஆறேழு செ.மீ. குறையும். மேகத்துக்குள் நடப்பது இதைக் கூட்டவும் செய்யும், குறைக்கவும் செய்யும், அது இருக்கட்டும். அதைக் கழித்தாலும் 88 செ.மீ. பெய்திருக்கும், நாங்கள் முங்கத்தான் செய்திருப்போம். ஆனால் குளத்துக் கரை உடைவது எப்போதும் கடைசி நாலு விரல் தண்ணீரில்தான். அந்த ஆறேழு செ.மீ. இல்லாமல் இருந்திருந்தால் சில கரைகள் தப்பியிருக்குமோ என்று தோன்றாமல் இல்லை. அதே மூச்சில் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எங்கள் ஊர் வாய்க்காலை வீட்டு மனையாக்கியது காலநிலை மாற்றம் அல்ல. என் கடை நிற்கும் இடமே என் தாத்தா காலத்தில் தண்ணீர் தேங்கும் பள்ளம். எல்லாவற்றையும் வானத்தின் தலையில் கட்டுவது பலருக்கு வசதியாக இருக்கிறது, எனக்கும் சேர்த்துத்தான்.

எச்சரிக்கை விஷயத்தில் நான் கற்றது வேறு. சிவப்பு எச்சரிக்கை என்றால் 20 செ.மீ.க்கு மேல் பெய்யலாம் என்று அர்த்தம். அதற்கு மேல் வேறு நிறம் கிடையாது. 21 செ.மீ.க்கும் சிவப்புதான், 95 செ.மீ.க்கும் சிவப்புதான். அதனால் நிறத்தைப் பார்த்துவிட்டு உட்கார்ந்திருப்பதில்லை. ஆறு மணி நேரத்தில் என் அளவி 10 செ.மீ. காட்டினால், அன்று எந்த நிறம் சொன்னாலும் சரி, சாமானை மேலே ஏற்ற ஆரம்பித்துவிடுவோம். அடுத்த வருடமே ஃபெஞ்சல் புயலில் மயிலத்திலும் ஊத்தங்கரையிலும் 50 செ.மீ. அளவுக்குக் கொட்டியதைப் பார்த்த பிறகு இந்தப் பழக்கம் இன்னும் கெட்டிப்பட்டது. ஊத்தங்கரை கடலிலிருந்து எவ்வளவு உள்ளே இருக்கிறது!

வீட்டில் மாற்றியவை பல. இன்வெர்ட்டர் பேட்டரி தரையில் இருந்ததால் முதலில் செத்தது அதுதான். இப்போது சுவரில் ஐந்தடி உயரத்தில் ஆங்கிள் அடித்து ஏற்றியிருக்கிறேன். மோட்டார் ஸ்டார்ட்டரும் அப்படியே. பத்திரம், பட்டா, பாஸ்புக் எல்லாம் மூடி இறுகும் ஒரு பிளாஸ்டிக் டப்பாவில், பரணில். போனில் இருந்த நம்பர்களில் இருபதைக் காகிதத்தில் எழுதி அதே டப்பாவில் வைத்தாயிற்று; போன் செத்தபோது தம்பி நம்பர்கூட எனக்கு மனப்பாடமாக இல்லை. மழை பிடிக்கும் முன்பே குடிதண்ணீரைப் பிடித்து வைக்கிறோம். சுற்றிலும் வெள்ளம் நிற்கும்போது குடிக்கத் தண்ணீர் இல்லாமல் தவித்தது பட்டால்தான் தெரியும். வெள்ளம் புகுந்த கிணற்றை இறைத்து, பிளீச்சிங் பவுடர் போட்டு, அப்புறமும் சில வாரம் கொதிக்கவைத்துத்தான் குடித்தோம். தண்ணீர் ஏறும் முன் மெயின் சுவிட்சை அணைக்க வேண்டும். ஏறிய பிறகு ஈரக்கையோடு அதன் பக்கம் போகவே கூடாது. பயிர்க் காப்பீடு செய்தவர்கள், வெள்ளம் தேங்கிய 72 மணி நேரத்துக்குள் தகவல் சொல்ல வேண்டும் என்பதை மறந்துவிடுகிறார்கள். வெள்ளத்துக்கு முன் எடுத்த தோட்டத்துப் போட்டோ ஒன்று கையில் இருந்தால் பேச்சு சுருங்கும்.

இத்தனை நாள் மழையைப் பற்றியே பேசிக்கொண்டிருந்துவிட்டு, வெயிலைக் கவனிக்காமல் விட்டது என் பெரிய தப்பு. வெள்ளத்துக்கு டிவி வரும், நிவாரணம் வரும், பத்து வருடம் பேசுவோம். இரவு வெக்கைக்கு யார் வருவார்கள்? 2024 மே மாதம், கத்திரி வெயிலில், பல இரவுகள் திண்ணையில் தொங்கும் வெப்பமானி 29 டிகிரிக்குக் கீழே இறங்கவில்லை. "கண்டுபிடித்துவிட்டேன், இதோ ஆதாரம்" என்று குதித்தேன். கரண்ட் பில்லையும் பழைய பில்களோடு வைத்துப் பார்த்தேன், அதுவும் ஏறியிருந்தது. அப்புறம்தான் உறைத்தது, நடுவில் பெரிய ஃப்ரிட்ஜ் வாங்கியிருக்கிறோம். பக்கத்து வீட்டுக்காரர் திண்ணையை ஒட்டித் தகரக் கொட்டகை போட்டிருக்கிறார், அது பகல் வெயிலைக் குடித்துவிட்டு இரவு முழுக்க என் வெப்பமானி மேல் மூச்சு விடுகிறது. ஆதாரம் போயிற்று. ஆனால் வெக்கை போகவில்லை. வெப்பமானியை வீட்டின் வடபுறம் நிழலில், சுவரில் படாமல் மாற்றி மாட்டி, கணக்கைப் புதிதாகத் தொடங்கியிருக்கிறேன்.

அந்த மே மாதத்தில்தான் கடையில் மூட்டை இறக்கிய ஒருவர் மதியம் மயங்கி விழுந்தார். எங்கள் பக்கத்து வெயிலில் பிரச்சினை டிகிரி மட்டும் இல்லை. கடல் ஈரம் கலந்த காற்றில் வியர்வை காயாது, காயாத வியர்வை உடம்பைக் குளிர்விக்காது. பேப்பரில் 38 என்று போட்டிருக்கும், உடம்பு படும் பாடு வேறு. பேச்சு குழறி, தோல் சுட்டுக் கிடந்தவரை நிழலுக்குத் தூக்கிக்கொண்டுபோய், உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே ஆட்டோவில் ஏற்றினோம். நல்லவேளை, பிழைத்தார். மயக்கத்தில் இருப்பவர் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது என்று டாக்டர் சொல்லித்தான் தெரியும். நாங்கள் ஊற்றப் பார்த்தோம். அன்றிலிருந்து கோடையில் லாரி எட்டு மணிக்குள் வந்தால்தான் லோடு இறக்குவோம். தூத்துக்குடி உப்பளத்தில் வேலை செய்கிறவர்கள் விடியும் முன்பே பாத்தியில் இறங்குவதைச் சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறேன். அது ஏன் என்று எனக்குப் புரிய ஓர் ஆள் விழ வேண்டியிருந்தது.

இப்போதும் கடையில் அதே கேள்வியைக் கேட்கிறார்கள். வெயில் என்றால் "ஆமா, அதுல சந்தேகம் இல்ல" என்கிறேன். மழை என்றால் "கொஞ்சம் கூட்டி விட்டிருக்கும், ஆனா வாய்க்கால அடைச்சது நாமதான்" என்கிறேன். இரண்டாவது பதில் யாருக்கும் ருசிப்பதில்லை. பேச்சு உடனே யூரியா விலைக்குத் தாவிவிடும்.

அளவியில் ஒரே ஒரு மாற்றம் செய்தேன். குழாயை ஒரு பெரிய வாளிக்கு நடுவில் நிறுத்தி, வாளி வாயைப் புனலைச் சுற்றி மூடிவிட்டேன். 20 செ.மீ. நிறைந்து வழிந்தாலும் மிச்சம் வாளியில் சேரும், காலையில் அதையும் அளந்துகொள்ளலாம். இதுவரை வழியவில்லை. சும்மாதானே கிடக்கிறது என்று அம்மா வாரத்துக்கு ஒரு தடவை மூடியைக் கழற்றி, துணி ஊறவைக்க வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விடுகிறாள். சாயங்காலம் நான் கழுவிக் கொண்டுபோய்த் திரும்ப வைக்கிறேன்.